ஓவியம் பயிலும் இளமங்கை: ஒரு படமும் அதன் வரலாறும்

ஒரு காலத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டு, பட்டயம், நாணயம், அரச கட்டளை, பிரயாணிகளின் குறிப்பு முதலியவற்றையே சான்றாகக் கொள்வது வழக்கம். ஓவியத்தைச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. கொள்ளுமிடத்தும், அரசர் முடிசூடியதையும் படைகள் பொருததையும் தீட்டிய பெரும்படங்களையே அவர் நாடுவர். அத்தகைய படங்களோ பெரும்பாலும் அரசர் சொல்ல விரும்பியதையே சொல்வன. ஓர் எளிய அறையில் தனித்திருந்து ஓவியம் பயிலும் ஒரு பெண்ணைக் காட்டும் படம் அவை கூறாத செய்திகளைக் கூறவல்லது. அத்தகைய படமொன்றையும், அதனை வரைந்தவர் யார் என்னும் வினா ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அடைந்த மாற்றங்களையும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் அப்படம் இருக்கின்றது. அது 1801ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் வரையப்பட்டது. உயரம் ஏறக்குறைய 161 சதமமீற்றர். அகலம் ஏறக்குறைய 129 சதமமீற்றர். படத்திலுள்ள இளம்பெண் ஏறத்தாழ உயிருருவின் அளவிலேயே தோன்றுகின்றாள். வெண்ணிற மெல்லாடை அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, பெரியதொரு வரைதாளை மடியிலே தாங்கியிருக்கின்றாள். வலக்கையிலே வரைகோல். பொன்னிறச் சுருண்மயிர் நெற்றியிலும் கழுத்திலும் விழுகின்றது. வரைவதைச் சற்றே நிறுத்தி எம்மை நேராக நோக்குகின்றாள். அந்நோக்கிலே நாணமுமில்லை, செருக்குமில்லை. வரையவேண்டிய பொருளின் அளவையும் வடிவையும் கண்ணால் அளந்துகொள்ளும் மாணாக்கரின் கவனமே உண்டு.

படத்தின் ஒளியமைதி தனிச்சிறப்புடையது. உருவப்படம் தீட்டுவோர் முகத்தின் முன்னிருந்தோ பக்கத்திருந்தோ ஒளி விழச் செய்வதே பெருவழக்கு. இங்கோ சாளரம் பெண்ணின் பின்னே இருக்கின்றது. ஒளி மயிரின் ஓரங்களையும் தோளையும் தடவிக்கொண்டு வந்து மடியிலுள்ள வெண்டாளில் விழுகின்றது. முகமோ நிழலில் இருக்கின்றது. தாளிலிருந்து எதிரொளித்து எழும் மங்கிய ஒளியே அம்முகத்தைக் காட்டுகின்றது. இவ்வாறு வரைதல் கைதேர்ந்தோர்க்கும் எளிதன்று. சாளரத்தின் கண்ணாடி ஒன்று வெடித்திருக்கின்றது. அதனூடே எதிர்ப்புறத்தில் ஒரு கைப்பிடிச்சுவரும், அங்கு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும் சிறியனவாகத் தெரிகின்றன. அறையில் வேறு அலங்காரம் எதுவுமில்லை. செல்வர் வீட்டு விருந்தினர் அறையை இது ஒத்ததன்று. வேலை நடக்கும் இடம் என்பது பார்த்தவுடனே விளங்கும்.

படத்திலுள்ள பெண் சார்லொட் து வால் டோன்ய் என்பவள். 1786இல் பிறந்த அவளுக்கு அப்பொழுது பதினைந்து வயதளவே. ஒரு பெண் கையில் வரைகோலுடன் இருப்பதில் வியப்பென்ன என்று வினவுவார் உளராயின், அக்காலத்து ஓவியக் கல்வி நடந்த முறையை அவர் முதலில் அறிதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சிலே ஓவியம் பயில்வோன் மூன்று படிகளை ஏறவேண்டியிருந்தது. பெரியோர் வரைந்த சித்திரங்களையும் அச்சுப்படங்களையும் பார்த்து வரைதல் முதற்படி. பழைய கிரேக்க உரோமச் சிலைகளின் சாந்துப் பிரதிகளைப் பார்த்து வரைதல் இரண்டாம் படி. உயிருள்ள மனிதனை ஆடையின்றி நிறுத்தி, அவனுடைய எலும்பும் தசையும் அசையும் முறையை அறிந்து வரைதல் மூன்றாம் படி. இம்மூன்றாம் படியை ஏறாதவர் புராணக் கதைகளையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் பல உருவங்களோடு தீட்டும் பெரும்படங்களை வரைதல் அரிது. அத்தகைய படங்களே ஓவியத்துள் தலையாயவை என்று அக்காலத்தார் மதித்தனர். உருவப்படம், இயற்கைக் காட்சி, பூவும் பழமும் ஆகியவை முறையே அவற்றின் கீழ் வைத்தெண்ணப்பட்டன. பெண்களுக்கோ மூன்றாம் படி மூடப்பட்டிருந்தது. ஒழுக்கத்தின் பெயரால் அத்தடை விதிக்கப்பட்டது. அதன் பயனாக அவர்கள் உருவப்படத்தோடும் பூவோடும் நிற்க நேர்ந்தது. தடை விதித்தோரே பின்னர், பெண்கள் பெரும்படம் எழுதும் ஆற்றலில்லாதவர் என்றும் கூறினர்.

1648இல் நிறுவப்பட்ட அரச ஓவிய சிற்பக் கழகமே இம்முறைகளுக்கெல்லாம் தலைமை தாங்கியது. அக்கழகம் பெண்களை முற்றாக விலக்கிற்று எனல் பொருந்தாது. எனினும் 1770இல் பெண்ணுறுப்பினர் நால்வருக்கு மேற்படலாகாது என வரையறை செய்துகொண்டது. 1783ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி அதெலாயிட் லபீல்-கியார், எலிசபெத் விஜே லெ புரன் என்னும் இருவரும் ஒரே நாளில் அங்கத்தவராயினர். இவருள் முன்னவர் மாணவிகள் பலருக்குக் கற்பித்த ஆசிரியை. 1785ஆம் ஆண்டுக் கண்காட்சியிலே அவர் வைத்த பெரும்படம், தூரிகை ஏந்தி அமர்ந்திருக்கும் அவரையும் அவர் பின்னே நிற்கும் மாணவிகள் இருவரையும் காட்டுகின்றது. பட்டாடையும் இறகு சூடிய தொப்பியும் அணிந்து ஓவியம் வரைவோர் எவருமிலர். ஆதலின் அதனை அன்றாட வேலையின் காட்சியாகக் கொள்ளல் வேண்டா. ஆசிரியையும் மாணவியரும் என்னும் ஒரு மரபு உண்டு, அதற்கு இடம் தருக என்று கழகத்தின் முன் வைக்கப்பட்ட விண்ணப்பமாகவே அதனைக் கொள்ளல் தகும். ஆயினும் லூவர் அரண்மனையில் ஓவியர்க்கு வழங்கப்பட்ட பணியிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இளம்பெண்கள் அரண்மனைக்குள் வந்து போதல் ஒழுங்கன்று என்பதே காட்டப்பட்ட காரணம். 1787இல் புகழ்பெற்ற ஓவியர் டாவிட் என்பாரும் தம் பணியிடத்தில் மாணவிகள் சிலருக்குக் கற்பித்தமைக்காக அரச அதிகாரியின் கண்டனத்துக்கு ஆளானார்.

1789இல் எழுந்த பிரான்சியப் புரட்சி இந்நிலையை ஓரளவு மாற்றியது. கழக உறுப்பினர்க்கே உரியதாயிருந்த சலோன் என்னும் பெருங்கண்காட்சி 1791இல் எல்லா ஓவியர்க்கும் திறந்துவிடப்பட்டது. 1793இல் கழகமே கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் திகதி லூவர் அரண்மனை பொதுமக்களுக்குரிய நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. முன்னர் மறுக்கப்பட்ட பணியிடத்தை லபீல்-கியார் 1795இல் பெற்றார். சலோனிலே படம் வைத்த பெண்களின் தொகை பெருகிற்று. ஆயினும் புரட்சி பெண்களுக்கு எல்லா வாயில்களையும் திறந்தது என்று எண்ணிவிடலாகாது. பெண்களின் அரசியற் சங்கங்கள் 1793ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்திலேயே தடைசெய்யப்பட்டன. கழகத்தின் இடத்தில் 1795இல் எழுந்த தேசிய நிறுவனத்திலே பெண்களுக்கு இடமளிக்கப்படவில்லை. ஒரு கதவு அடைக்கப்பட, மற்றொன்று சிறிது திறந்திருந்த காலம் அது.

நாம் எடுத்துக்கொண்ட படம் அக்காலத்துக்கே உரியது. படத்திற் காணும் சாளரத்தையும் அதனூடே தெரியும் கட்டடத்தையும் ஆராய்ந்த ஆன் ஹிகொனே என்னும் அமெரிக்கப் பேராசிரியை, அவ்விடம் லூவர் அரண்மனையிற் பெண்கள் ஓவியம் பயின்ற ஒரு கூடமே என்று காட்டியுள்ளார். இது சரியாயின் படத்தின் பொருள் மிக ஆழ்ந்துவிடுகின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்த அரண்மனைக்குள் மாணவிகள் வருதல் முறையன்று எனப்பட்டதோ, அவ்வரண்மனையின் உள்ளேயே ஒரு மாணவி அமர்ந்து வரைந்துகொண்டிருக்கின்றாள். வெடித்த கண்ணாடியும் வெறுஞ்சுவரும் அவ்விடத்தின் வறுமையைக் காட்டலாம். ஆனால் அது அவளுக்குக் கிடைத்த இடம். அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நெப்போலியன் ஆட்சியிலே, 1806 அளவில், லூவரில் குடியிருந்தும் கற்பித்தும் வந்த ஓவியர்கள் வெளியேற்றப்பட்டனர்.

இனி, படத்தை வரைந்தவர் யார் என்னும் வினாவுக்கு வருவாம். இப்படம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சார்லொட்டின் குடும்பத்தாரிடமே இருந்தது. டாவிட் வரைந்தது என்பது குடும்பத்தார் வழிவழி கூறிவந்த செய்தி. அதனை ஐயுறுவதற்கு அக்காலத்தார்க்குக் காரணம் தோன்றவில்லை. டாவிட் 1748இற் பிறந்து 1825இல் இறந்தவர். பிரான்சிய ஓவியத்தின் போக்கையே மாற்றியவர். வெள்ளை ஆடையணிந்து வெறுஞ்சுவரின் முன் சாய்ந்திருக்கும் ரெக்காமியே அம்மையாரின் படத்தை அவர் தொடங்கியது 1800இல். ஆடையும், தூய கோடும், வெறுமையான பின்புலமும் கொண்ட இப்படத்தை அவருடையது எனக் கூறியபோது எவரும் அதனை எளிதில் நம்பினர். அமெரிக்கச் செல்வரான ஐசாக் பிளெச்சர் என்பார் இதனை வாங்கினார். 1917இல் அவருடைய மரணசாசனத்தின்படி இது மெற்றோபொலிற்றன் நூதனசாலையைச் சேர்ந்தது. டாவிட்டின் பெயர் பொறித்த பலகையோடு சுவரில் ஏறிய நாள்முதல் நூதனசாலையின் சிறந்த செல்வங்களுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. அச்சுப்பிரதிகள் எங்கும் பரவின. குறையற்ற படம் என்று எழுதினாரும் உளர்.

1951ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நூதனசாலையின் சஞ்சிகையிலே சாள்ஸ் ஸ்ரேர்லிங் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டிய சான்று மறுத்தற்கரியது. 1801ஆம் ஆண்டுச் சலோனின் சுவர்களில் படங்கள் தொங்கிய முறையைக் காட்டும் அச்சுப்படம் ஒன்று உண்டு. அதிலே இப்படம் தெளிவாகக் காணப்படுகின்றது. டாவிட்டோ அவ்வாண்டுச் சலோனிற் படம் வைக்கவில்லை. தாம் வரைந்த சபீனப் பெண்களின் படத்தை 1799 முதல் லூவரில் தனியிடத்திலே வைத்து, நுழைவுக் கட்டணம் பெற்றுக் காட்டிவந்தார் அவர். சலோனில் தொங்கிய படம் சலோனிற் பங்குபற்றாதவருடையது ஆதல் எங்ஙனம்? ஒரு குடும்பத்தின் வாய்வழக்கு ஒரு சிறு அச்சுப்படத்தின் முன் நிற்கமாட்டாதாயிற்று. வரலாறு கற்கும் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய இடம் இது.

டாவிட் அல்லர் எனின் யார்? கொன்ஸ்தான்ஸ் மரி சார்ப்பந்தியே என்னும் பெண்மணி வரைந்திருத்தல் கூடும் என்பது ஸ்ரேர்லிங்கின் கருத்து. அவர் 1767இற் பிறந்தவர். அதே 1801இல் அவர் வரைந்த, துயருற்றிருக்கும் ஒரு பெண்ணின் படம் அமியென் நகர நூதனசாலையில் உள்ளது. இக்கருத்தைக் கூறுமிடத்து ஸ்ரேர்லிங் மற்றொன்றையும் சேர்த்துக் கூறினார்: இப்படத்தின் கவர்ச்சி வெளிப்படையானது, குறைகளோ திறமையோடு மறைக்கப்பட்டவை, இவையெல்லாம் பெண்மனத்தின் இயல்பையே காட்டுகின்றன என்பது அவர் உரையின் சாரம். ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். துணியிலே ஒரு கோடும் மாறவில்லை. ஒரு வண்ணமும் மங்கவில்லை. ஆணின் பெயரோடு தொங்கியபோது குறை காணாத கண்கள் பெண்ணின் பெயர் கேட்டபின் குறை கண்டன. உடலமைப்பு சரியாக விளங்கவில்லை என்றும், கை நீண்டது என்றும் கூறுதல் எளிதாயிற்று. சலோன் அச்சுப்படத்தைக் கொண்டு நாளையும் இடத்தையும் நிறுவிய அதே அறிஞர், பெண்மனம் என்பது பற்றிக் கூறுமிடத்து எந்தச் சான்றும் காட்டவில்லை. முன்னது ஆராய்ச்சி, பின்னது காலத்தின் பழக்கம்.

சார்ப்பந்தியேயின் பெயரும் நிலைக்கவில்லை. 1996இல் மாக்கிரற் ஒப்பன்கைமர் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு பெண்மணியை முன்வைத்தார். அவர் மரி தெனீஸ் வில்லேர். 1774இல் பாரிசிற் பிறந்த அவர் லெமுவான் குடும்பத்தவர். ஜிரோதே என்னும் ஓவியரிடம் பயின்று, 1799இல் முதன்முறை சலோனிற் படம் வைத்தவர். 1802இல் அவர் வைத்த படம், குனிந்து காலணியின் நாடாவைக் கட்டும் ஒரு பெண்ணைக் காட்டுகின்றது. அப்படம் லூவரில் இருக்கின்றது. அப்படத்தையும் இப்படத்தையும் ஒப்புநோக்கி இரண்டும் ஒரு கையினவே என்று காட்டினார் ஒப்பன்கைமர். நூதனசாலையும் அதனை ஏற்று வில்லேரின் பெயரையே இப்பொழுது வழங்குகின்றது. படத்தில் ஒப்பமில்லை, ஆதலின் இம்முடிபு ஒப்புமையால் எய்தியதேயன்றி ஆவணத்தால் எய்தியதன்று. எனினும் சலோன் அச்சுப்படம், காலம், கைத்திறன் ஆகிய யாவும் அதனோடு இயைகின்றன.

வில்லேரின் குடும்பமே ஓவியம் பயின்ற பெண்களின் குடும்பம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவருடைய தமக்கையர் இருவரும் ஓவியர்கள். மூத்தவரான மரி விக்ற்றுவார் லெமுவான் 1789இல் வரைந்த படம் ஒன்றும் அதே மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உண்டு. அதிலே ஓவிய ஆசிரியை ஒருவர் வண்ணப்பலகை ஏந்தி நிற்கின்றார். அவர் அருகே தாழ்ந்த இருக்கையில் ஒரு மாணவி அமர்ந்து வரைகின்றாள். தமக்கை ஆசிரியையையும் மாணவியையும் ஒருங்கு வரைந்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தங்கை மாணவியைத் தனியே வரைந்தார். படத்தில் ஆசிரியர் இல்லை. அம்மாணவி எவரையும் எதிர்நோக்கி இருக்கவுமில்லை. அவளை வரைபவரும் அவளைப் போலவே வரைகோல் ஏந்தி முன்னே இருந்தவர் என்பதை அவள் பார்வை உணர்த்துகின்றது. ஒருவரையொருவர் அளந்து நோக்கும் இருவரின் பார்வை இது என்று எண்ண இடமுண்டு.

அவ்விருவரின் வாழ்க்கை வேறு வேறு வழியிற் சென்றது. வில்லேர் 1794இலேயே மணம்புரிந்தவர். அவருடைய கணவர் கட்டடக்கலை பயின்றவர். மனைவியின் கலைத்தொழிலுக்குத் துணைநின்றவர். ஆதலின் அவர் மணத்தின் பின்னரே சலோனிற் புகழ் பெற்றார். சார்லொட்டோ மணம்புரிந்த பின் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டாள். அவள் 1868 வரை வாழ்ந்தாள். இப்படத்தின் பின் அறுபத்தேழு ஆண்டுகள். ஒருவர் தொடர்ந்ததும் மற்றவர் நிறுத்தியதும் திறமையின் ஏற்றத்தாழ்வினால் என்று துணிந்து கூறுதற்கு எம்மிடம் சான்றில்லை. கற்பதற்கு இடம் கிடைத்தல் ஒன்று. கற்றதைத் தொழிலாகக் கொண்டு நிற்க வீட்டிலும் நாட்டிலும் இசைவு கிடைத்தல் மற்றொன்று. முன்னது கிடைத்தும் பின்னது கிடையாமற் போனவர் எத்தனை பேர் என்பதை எந்தச் சலோன் பட்டியலும் சொல்லாது.

வில்லேரின் பெயர் மறைந்தது எவ்வாறு என்பதும் ஆராயத்தக்கது. தனிப்பட்டோரின் உருவப்படங்களைக் கண்காட்சிக் கைந்நூல்கள் பெரும்பாலும் பெயர் கூறாமலே குறித்தன. மணத்தினால் பெண்ணின் குடும்பப்பெயர் மாறியதால், மணத்திற்கு முன்னும் பின்னும் வரைந்தவற்றை ஒருவருடையவை என அறிதல் கடினமாயிற்று. இவற்றோடு விலையும் சேர்ந்துகொண்டது. டாவிட் என்னும் பெயர் படத்தின் மதிப்பை உயர்த்தியது. ஆதலின் ஐயங்கொள்வதால் எவர்க்கும் ஆதாயமில்லை. இங்ஙனம் பெண்கள் வரைந்த நல்ல படங்கள் ஆண்களின் பெயரிற் சேர, எஞ்சியவற்றைக் கொண்டு பெண்களின் திறமை அளக்கப்பட்டது. அளவுகோலே பிழையாயின் அளவு எங்ஙனம் சரியாகும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலைமை விரைவில் மாறவில்லை. பாரிசின் அரச நுண்கலைப் பள்ளி பெண்களை மாணவராக ஏற்றது 1897இலேயே. அதற்கு முன் தனியார் பள்ளிகளே அவர்களுக்குப் புகலிடமாயின. அவற்றுள் 1868இல் தொடங்கிய ஜூலியன் பள்ளி புகழ்பெற்றது. அங்கும் பெண்கள் ஆண்களிலும் கூடிய கட்டணம் செலுத்தினர். அப்பள்ளியிற் பயின்ற மரி பஷ்கிர்ட்செவ் என்னும் பெண் 1881இல் தம் வகுப்பறையையே ஒரு படமாக வரைந்தார். மாணவிகள் பலர் நெருங்கியிருந்து, மேடைமீது நிற்கும் ஒரு சிறுவனைப் பார்த்து வரைகின்றனர். அரச பள்ளியின் வாயில் பெண்களுக்கு ஏன் மூடப்பட்டிருக்கின்றது என்று அவ்வாண்டிலே பத்திரிகையிற் கேட்டவரும் அவரே. கேட்டது பவுலின் ஒரெல் என்னும் புனைபெயரில். 1884இல், இருபத்தைந்து வயதில், காசநோயால் அவர் இறந்தார். ஏலேன் பெர்த்தோ என்னும் சிற்பி 1881இல் நிறுவிய பெண் ஓவியர் சிற்பியர் சங்கம் தொடர்ந்து போராடியதன் பயனாகவே பின்னர் அவ்வாயில் திறந்தது.

1971இல் லின்டா நொக்லின் என்னும் அமெரிக்க அறிஞர், பெரும்பெண் ஓவியர்கள் ஏன் தோன்றவில்லை என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்டு கட்டுரையொன்று எழுதினார். பெண்ணின் மனத்திலும் உடலிலும் விடை தேடுவதை விடுத்து, கழகங்களின் விதிகளிலும், பள்ளிகளின் வாயில்களிலும், மூன்றாம் படிக்கு இட்ட தடையிலும் தேடுக என்றார் அவர். அதன் பின்னரே நூதனசாலைகளின் களஞ்சியங்களில் மறைந்து கிடந்த பல படங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. வில்லேரின் பெயர் மீண்டதும் அம்முயற்சிகளின் தொடர்ச்சியே.

ஓவியம் பழகப் பழக வருவது என்பதை எந்நாட்டுப் பெரியோரும் உடன்படுவர். பழகுவதற்கு இடமும் காலமும் ஆசிரியரும் வேண்டும் என்பதை அவருட் பலர் மறந்துவிடுகின்றனர். நல்ல மாணவர் தோன்றவில்லை என்று வருந்தும் சமுதாயம், அவர் அமர்ந்து கற்பதற்கு ஓர் இருக்கையை எங்கே இட்டது என்று தன்னையே வினவிக்கொள்ளுதல் முறை. ஆண்டுகள் பல சென்றும் அச்சாளரத்தின் முன்னே அப்பெண் அவ்வாறே அமர்ந்திருக்கின்றாள். அவளுடைய மடியிலுள்ள தாளின் பக்கம் எமக்குத் தெரியாதபடி சாய்ந்திருக்கின்றது. அவள் அதில் என்ன வரைந்தாள் என்பதை நாம் காணவியலாது. கற்றுக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் அவளோடு இருந்த மற்றொரு பெண் எமக்கு எழுதிவைத்துச் சென்றிருக்கின்றார்.